பச்சைக் கூழும் ‘தெரியாது’ என்ற சொல்லும்
ஒரு கனடிய குழந்தைகள் நிகழ்ச்சியின் 1982ஆம் ஆண்டுப் பருவத்தை முன்வைத்து

1

ஒரு பையனிடம் யாரோ ஒரு கேள்வி கேட்கிறார்கள். கேட்பது ஆசிரியராக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், கூட நடிக்கிற இன்னொரு சிறுமியாகவும் இருக்கலாம். பையன் கொஞ்சம் யோசிக்கிறான். ‘எனக்குத் தெரியாது’ என்கிறான். சொல்லி வாயை மூடுவதற்குள் மேலேயிருந்து ஒரு வாளிப் பச்சைக் கூழ் அவன் தலையில் கொட்டுகிறது. முடி, கண், மூக்கு, சட்டைக் காலர் எல்லாம் கொழகொழவென்று வழிகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காமிராவைப் பார்க்கிறான். அடுத்த துணுக்கு தொடங்கிவிடுகிறது.

‘யூ கான்ட் டூ தட் ஆன் டெலிவிஷன்’ என்று இந்த நிகழ்ச்சிக்குப் பெயர். ‘அதெல்லாம் டிவியில பண்ணக்கூடாது’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். கனடாவின் ஒட்டாவா நகரில் சி.ஜே.ஓ.எச். என்ற நிலையத்தில் 1979 பிப்ரவரி 3 அன்று தொடங்கி, இடைவெளிகளோடு 1990 வரை தயாரிக்கப்பட்டது. உருவாக்கியவர் ரோஜர் பிரைஸ். அதற்கு முன் இங்கிலாந்தில் ‘தி டுமாரோ பீப்பிள்’ என்ற சிறுவர் அறிவியல் புனைவுத் தொடரை உருவாக்கியவர். முதல் பருவம் ஒட்டாவாவுக்குள் மட்டும் சனிக்கிழமை காலைகளில் நேரலையாக வந்தது. பிறகு அது அரைமணி நேரத் துணுக்கு நாடகத் தொகுப்பாக மாறியது. அமெரிக்காவில் நிக்கலோடியன் என்ற சிறுவர் கேபிள் அலைவரிசை இதை வாங்கி ஒளிபரப்ப, 1983 வாக்கில் அந்த அலைவரிசையிலேயே அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி இதுதான் என்றாயிற்று. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகி அலனிஸ் மாரிசெட் சிறுமியாக இதில் தலைகாட்டியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரிந்த துணுக்குச் செய்தி. அது நமக்கு இங்கே வேண்டாம்.

‘குழந்தைங்க டிவி நிகழ்ச்சிக்கெல்லாம் ஒரு விமர்சனமா?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினருக்குத் தொலைக்காட்சி என்றாலே முதலாளியத்தின் குப்பை, குப்பையைக் கிளற என்ன இருக்கிறது என்ற எண்ணம். இன்னொரு வகையினருக்கு, சிரிப்பு எங்கே வந்தாலும் அது கலகம். பக்தினின் பெயரைச் சொல்லி ஒரு கும்பிடு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு பேருக்குமே இந்த நிகழ்ச்சி தொந்தரவு தரும் என்று நினைக்கிறேன். அதனாலேயே எழுதுகிறேன்.

1982ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்ளக் காரணமுண்டு. நிகழ்ச்சியின் எல்லா உறுப்புகளும் ஒன்றுகூடி அமைந்தது அந்தப் பருவத்தில்தான். 1979 முதல் எல்லாப் பெரியவர்களாகவும் நடித்துவந்த லெஸ் லை என்பவரோடு, அம்மாவாகவும் நூலகராகவும் நடிக்க ஏபி ஹேக்யார்ட் வந்து சேர்ந்தது அந்த ஆண்டு. அமெரிக்கப் பிள்ளைகள் இதைப் பார்க்கத் தொடங்கியதும் அப்போதுதான். நிக்கலோடியன் அப்போது விளம்பரங்கள் இல்லாத அலைவரிசை. விளம்பரம் வருவதற்குச் சற்று முந்தைய நொடி அது. சந்தை இந்தச் சிரிப்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று பார்ப்பதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

2

முதலில் கூழின் பிறப்பு. தயாரித்தவர்கள் பின்னாளில் சொன்ன கதை இது. 1979இல் ஒரு நிலவறைத் துணுக்கு. சங்கிலியில் கட்டப்பட்ட ஒரு பையன் மேல் உணவகத்து எச்சில் மிச்சங்களை வாளியில் சேர்த்துக் கொட்டுவதாகத் திட்டம். படப்பிடிப்பு ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது. திரும்ப வந்து பார்த்தால் வாளியின் மேல் பச்சைப் பூஞ்சை கனமாகப் படர்ந்திருக்கிறது. வேறு வாளி தயார்செய்ய நேரமில்லை. இயக்கும் பொறுப்பிலிருந்த ஜெஃப்ரி டார்பி, ‘சும்மா கொட்டுங்க’ என்றாராம். கொட்டினார்கள். பார்த்த பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. மறுபடியும் வேண்டும் என்றார்கள்.

ஆக, முதல் கூழ் நிஜமான அழுகல். பக்தின் ரபெலே பற்றிய நூலில் பேசுகிற ‘கீழ்நிலை உடல்’ என்பதன் சரக்கு: எச்சில், மிச்சம், பூஞ்சை, நாற்றம். இதற்கு அப்போது காரணம் எதுவும் கிடையாது. அது யாருக்கும் தண்டனை அல்ல, நேர்ந்துவிட்ட ஒன்று.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். தினமும் அழுகலைக் கொட்ட முடியாது. எனவே பக்குவம் ஒன்று வகுத்தார்கள்: ஜெலட்டின் பொடி, ஓட்ஸ் மாவு, தண்ணீர், பச்சை நிறம். முடியிலிருந்து சுலபமாகக் கழுவ வேண்டுமென்று குழந்தைகள் ஷாம்பூவும் சேர்க்கப்பட்டது. கூழ் வாசமிழந்தது. அதே சமயத்தில் அதற்கு ஒரு காரணமும் வேண்டியிருந்தது. எதற்காகக் கொட்டுவது? பிரைஸ் கண்டுபிடித்த விதி: ‘எனக்குத் தெரியாது’ என்று எவர் சொன்னாலும் கூழ் விழும். ‘தண்ணீர்’ என்று சொன்னால் தண்ணீர் விழும்.

விபத்து விதியாகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

3

நிகழ்ச்சியின் தலைப்புப் படம் கத்தரித்து ஒட்டிய அசைவுப் படம். ‘குழந்தைகள் தொலைக்காட்சி சாசேஜ் ஆலை’ என்று ஒரு தொழிற்சாலை. அங்கிருந்து பிள்ளைகள் உற்பத்தியாகிப் பள்ளிப் பேருந்தில் ஏற்றப்படுகிறார்கள். தன்னைத் தயாரிக்கும் இயந்திரத்தைத் தானே முகப்பில் வரைந்து காட்டும் நிகழ்ச்சி இது. தொடங்கும்போதே, ‘இந்த நேரத்தில் வரவேண்டிய இன்ன நிகழ்ச்சி இன்று இடம்பெறாது, அதற்குப் பதிலாக…’ என்று இல்லாத ஒரு நிகழ்ச்சியின் பெயரைக் கிண்டலாகச் சொல்லி அறிவிப்பு வரும். தன்னை ஒரு தவறாக, பதிலியாக அறிமுகம் செய்துகொள்ளும் பிரதி.

உள்ளே போனால் வகுப்பறை, வீடு, பர்கர் கடை, வீடியோ விளையாட்டுக் கடை, நிலவறை, பள்ளி லாக்கர்கள். லாக்கர் கதவைத் திறந்து தலையை நீட்டி ஒருத்தர் ஒரு ஜோக் சொல்ல, இன்னொருத்தர் பதில் சொல்ல, கதவு மூடும். இந்த இடங்களிலெல்லாம் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள். கிறிஸ்டின் என்ற தொகுப்பாளினி நிஜமாகவே கிறிஸ்டின் மெக்லேட்தான். பெரியவர்களுக்கு மட்டும்தான் வேஷம்.

அந்த வேஷங்களை லெஸ் லை என்கிற ஒரே மனிதர் போடுகிறார் என்பதுதான் விஷயம். அப்பா அவர். வாத்தியார் அவர். அழுக்கு ஏப்ரனோடு பர்கர் கடை நடத்தும் பார்த் அவர். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அவர். நிலவறைக் காவலன் அவர். பிள்ளைகளைச் சுட உத்தரவிடும் ராணுவ அதிகாரி அவர். ஸ்டூடியோவில் பிள்ளைகளை விரட்டி வேலைவாங்கும் ராஸ் என்ற ஆளும் அவரே. காரணம் எளிமையானது: கைச்செலவுக்குப் பணம் கிடையாது, பத்து நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் திரையில் தெரிவது வேறு. பிள்ளை எந்தக் கதவைத் திறந்தாலும் அதே முகம் நிற்கிறது. குடும்பம், பள்ளி, கடை, சிறை, ராணுவம் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். கருத்தியல் அரசு எந்திரங்கள் பற்றி அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையை நாம் எத்தனை தடவை விளக்கியிருப்போம்! வீட்டிலும் பள்ளியிலும் நம்மை விளிப்பது ஒரே குரல்தான் என்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு லேசாக நாம் யாரும் சொன்னதில்லை.

1971இல் சிலியில் ஏரியல் டோர்ஃப்மனும் அர்மாண்ட் மாத்தெலாரும் டொனால்ட் டக் படக்கதைகளை வாசித்து ஒரு புத்தகம் எழுதினார்கள். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அது எரிக்கப்பட்டது. அவர்கள் கவனித்த ஒன்று: டிஸ்னி உலகத்தில் அப்பா அம்மா கிடையாது. மாமன்கள், மருமகன்கள்தான். பெற்றோர் இல்லாததால் அதிகாரத்தின் பிறப்பிடமும் தெரியாது. அது இயற்கைபோல, காற்றுபோல இருக்கும். ஒட்டாவா நிகழ்ச்சி இதற்கு நேரெதிர். இங்கே அப்பா இருக்கிறார், தொப்பையும் திட்டுமாக, எங்கும் இருக்கிறார். பர்கரில் என்ன இறைச்சி போட்டிருப்பான் என்று ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டால் போதும், ‘அது என் காதுல விழுந்துச்சு’ என்று பார்த் எட்டிப்பார்ப்பான். அதிகாரத்துக்குக் காது உண்டு, அது எப்போதும் ஒட்டுக்கேட்கிறது. ஆனால் இந்தக் காதுகாரன் அசடன், அழுக்கன், பயமுறுத்தத் தெரியாதவன். அதிகாரத்தை அசிங்கமாகக் காட்டுவது சிறிய காரியமில்லை. முதல் வகை நண்பர்கள் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

4

இனி இரண்டாம் வகை நண்பர்களுக்கு.

ராணுவ அதிகாரி வரும் துணுக்கைப் பார்ப்போம். பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது. ஒரு பிள்ளை கம்பத்தில் கட்டப்பட்டு நிற்கிறது. எதிரே துப்பாக்கி அணி. அதிகாரி, ‘தயார்… குறி பார்…’ என்று ஆரம்பிக்கிறார். பிள்ளை குறுக்கே ஏதோ கேட்கிறது. பேச்சுப் பேச்சாக அவர் துப்பாக்கிகளுக்கு எதிரே வந்து நிற்கும் நேரத்தில், அவர் வாயாலேயே ‘சுடு’ என்ற சொல்லை வரவழைத்துவிடுகிறது. டமார். அவர் விழுகிறார், ‘பொல்லாத பய’ என்று பாராட்டிக்கொண்டே. சொல்லின் சூழலை மாற்றினால் கட்டளை கட்டளையிட்டவனையே சுடும். எவ்வளவு அழகான கவிழ்ப்பு!

ஆனால் இந்த அதிகாரியின் பெயர் ‘எல் கேப்பிட்டானோ’. உடையும் உச்சரிப்பும் லத்தீன் அமெரிக்கக் கேலிச்சித்திரம். வாத்தியாரும் அப்பாவும் ஒட்டாவாக்காரர்களாக இருக்க, கொலைகாரன் மட்டும் தெற்கேயிருந்து வருகிறான். அது எந்த ஆண்டு என்று நினைத்துப் பாருங்கள். 1981 டிசம்பரில் எல் சால்வதோர் நாட்டின் எல் மொசோட்டே கிராமத்தில், அமெரிக்கா பயிற்சியளித்த அட்லகாட்ல் படைப்பிரிவு நூற்றுக்கணக்கான மக்களைக் கொன்றது. 1992இல் அங்கே தேவாலயத்தை ஒட்டிய ஒரே ஒரு கட்டடத்தைத் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. 1982 ஜனவரி இறுதியிலேயே இரண்டு பெரிய அமெரிக்க நாளிதழ்கள் இந்தப் படுகொலைச் செய்தியை வெளியிட்டுவிட்டன. அதே குளிர்காலத்தில்தான் அமெரிக்கப் பிள்ளைகள் எல் கேப்பிட்டானோவைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு குழந்தைகள் நிகழ்ச்சியை எல் மொசோட்டேக்குப் பொறுப்பாக்கும் கிறுக்குத்தனம் எனக்கில்லை. நான் சொல்ல வருவது, சிரிப்புக்கும் ஒரு நிலப்படம் உண்டு என்பதுதான். கம்பத்தில் கட்டப்பட்ட பிள்ளை புத்திசாலித்தனத்தால் தப்பிக்கும் என்ற நகைச்சுவை, நிஜத்தில் எந்தப் பிள்ளை கம்பத்தில் கட்டப்படாதோ அந்தப் பிள்ளைக்குத்தான் நகைச்சுவை. சிரிப்பு வந்த இடமெல்லாம் கலகம் என்று கும்பிடு போடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. செய்தி வெளிவந்ததும் ரீகன் அரசாங்கம் என்ன சொன்னது? 1982 பிப்ரவரியில் அதன் அதிகாரி நாடாளுமன்றக் குழு முன்பு வந்து, அரசுப் படைகள் திட்டமிட்டுப் பொதுமக்களைக் கொன்றதை உறுதிசெய்ய ஆதாரம் கிடைக்கவில்லை என்ற பொருளில் சாட்சி சொன்னார். அதாவது, ‘எங்களுக்குத் தெரியாது.’ அவர் தலையில் எதுவும் விழவில்லை. பள்ளிப் பிள்ளைக்குக் குற்றமான சொல், அரசுக்குச் சலுகை.

5

‘தெரியாது’க்கு வருவதற்கு முன் இன்னொரு வகைத் துணுக்கைக் கடந்தாக வேண்டும். நிகழ்ச்சியின் நடுவே திரை தலைகீழாகப் புரளும். ‘எதிர்மறைகள்’ தொடங்கிவிட்டன என்று அர்த்தம். இப்போது உலகம் புரண்டுவிட்டது. ‘புஸ்தகத்த மூடி வை, போய் வீடியோ கேம் ஆடு’ என்று அப்பா அதட்டுவார். மிட்டாயை முடிக்காமல் காய்கறியைத் தொடக்கூடாது என்று அம்மா கண்டிப்பார். பிள்ளைகள் முனகுவார்கள். கொஞ்ச நேரத்தில் திரை மறுபடி புரண்டு பழைய உலகம் திரும்பும்.

பக்தினின் களியாட்டம் இதுதானே என்று தோன்றும். மேல் கீழாகிறது, முடி கழற்றப்படுகிறது, குறித்த நேரத்தில் முடிகிறது. ஆனால் வாக்கியத்தைக் கவனியுங்கள். தலைகீழானது செயப்படுபொருள் மட்டும். காய்கறி இருந்த இடத்தில் மிட்டாய், பாடம் இருந்த இடத்தில் விளையாட்டு. வினைமுற்று மாறவேயில்லை. ஏவல் ஏவலாகவே இருக்கிறது. ‘சாப்பிடு’, ‘மூடு’, ‘போ’. மிட்டாயே ஆனாலும் ஒருவர் அதட்டித் தின்னச் சொன்னால் அது கசக்கும் என்பதைப் பிள்ளைகளின் முனகல் காட்டிவிடுகிறது.

இதைக் குறையாகவும் சொல்லலாம், சாதனையாகவும் சொல்லலாம். குறை: அதிகாரம் இல்லாத ஓர் உறவை இந்த நிகழ்ச்சியால் ஒரு துணுக்கிலும் கற்பனை செய்ய முடியவில்லை, ஆள் மாறலாம், பொருள் மாறலாம், ஏவல் போகாது. சாதனை: புரட்சிக்குப் பின்னும் ஏவல் வினை மிஞ்சும் என்கிற, நம்மில் பலர் எண்பதுகளின் கடைசியில் கிழக்கு ஐரோப்பா சரிந்தபோதுதான் கற்றுக்கொண்ட பாடத்தை இது ஒரு மிட்டாயை வைத்துச் சொல்லிவிட்டது. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஆனால் முதலாவதை மறக்கவில்லை.

6

இப்போது ‘தெரியாது’.

இந்த நிகழ்ச்சியில் பிள்ளைகள் என்னவெல்லாமோ செய்கிறார்கள். வாத்தியாரைக் கேலி செய்கிறார்கள், அப்பாவை ஏமாற்றுகிறார்கள், பர்கரைத் துப்புகிறார்கள், தயாரிப்பாளர் கஞ்சன் என்று காமிராவைப் பார்த்துச் சொல்கிறார்கள். அதிகாரத்தை அவமதிப்பதற்குக் கூழ் கிடையாது. பொய் சொல்வதற்கும் கிடையாது. எத்தனையோ குற்றங்கள் இருக்க, இந்த ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அந்தத் தண்டனை. ஏன்?

பள்ளிக்கூடத்தின் எழுதப்படாத சட்டம் அது என்பதால்தான். தவறான விடை சொல்கிற பிள்ளையைப் பள்ளி மன்னிக்கும். தவறான விடையிலும் கேள்வி கேட்டவரின் அதிகாரம் ஏற்கப்பட்டிருக்கிறது. ‘தெரியாது’ என்பது விளையாட்டிலிருந்தே வெளியே வந்துவிடும் சொல். கேள்வி அந்தரத்தில் நின்றுபோகிறது. கேட்டவருக்குச் சங்கடம். எனவே அந்தச் சொல்லை வாயிலிருந்து எடுக்கப் பழக்கிவிட வேண்டும். நாம் எல்லோரும் அப்படிப் பழக்கப்பட்டவர்கள்தான். பிரம்போ கூழோ, பாடம் ஒன்று.

இங்கே இலக்கணக்காரனாகக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். ஆங்கிலத்தில் ‘ஐ டோன்ட் நோ’ என்றால் எழுவாய் ‘நான்’. அறியாமையைச் செய்பவன் நான். எனவே குற்றவாளியும் நான். தமிழில் ‘எனக்குத் தெரியாது’. ‘நான்’ நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுகிறது. ‘தெரியாது’ என்ற வினை ஒத்துப்போவது என்னோடல்ல, தெரியாமலிருக்கும் அந்தப் பொருளோடு. அது எனக்குத் தென்படவில்லை, அவ்வளவுதான். இன்று தென்படாதது நாளை தென்படலாம். நம் மொழி அறியாமையை ஒரு நிலையாக வைத்திருக்கிறது, குற்றமாக வைக்கவில்லை. மொழி இப்படியிருந்தும் நம் வகுப்பறைகள் அதைக் குற்றமாக்கின என்றால், அது மொழியின் வேலையல்ல, நிறுவனத்தின் வேலை.

தண்டனை விழும் விதத்தையும் பார்க்க வேண்டும். கொட்டுபவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கேள்வி கேட்டவர் கொட்டுவதில்லை. யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. சொல் வெளிவந்ததும் மேலேயிருந்து தானாக விழுகிறது. ஃபூக்கோ 1975இல் எழுதிய நூலில், மேடைபோட்டுச் சித்திரவதை செய்த பழைய தண்டனையையும், ஆளில்லாமல் தானே இயங்கும் நவீனக் கண்காணிப்பையும் இரண்டு காலகட்டங்களாகப் பிரிப்பார். ஒட்டாவா ஸ்டூடியோவில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன: எல்லோரும் பார்த்துச் சிரிக்கும் மேடைத் தண்டனை, ஆனால் கொலையாளி இல்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் தந்திரமாகப் பேசவைத்து அந்தச் சொல்லைச் சொல்லவைக்கிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது. மேலே வாளி இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதன் கீழே அடுத்தவனைத் தள்ளிவிடும் சாமர்த்தியம் பிறந்துவிடுகிறது.

அடார்னோவும் ஹோர்க்ஹைமரும், டொனால்ட் டக் அடிவாங்குவது பார்வையாளர்கள் தங்கள் அடியை வாங்கப் பழகிக்கொள்ளத்தான் என்றார்கள். அப்படியானால் இந்தக் கூழும் அதுதானா? பாதி அதுதான். மீதிப் பாதி எது என்று கேட்டால், நனைந்த பிள்ளையின் முகத்தைக் காட்டுவேன். அது வாத்துப் பொம்மை இல்லை. சொந்தப் பெயரோடு நிற்கும் பிள்ளை. கூழ் வழிய, சிரிப்பை அடக்கமாட்டாமல், ‘ஐயோ மறந்துட்டேனே’ என்று காமிராவைப் பார்க்கிறது. தண்டனை வாங்கியும் அவமானப்படாத முகம் அது. பள்ளிக்கூடத்தின் தண்டனை வேலைசெய்ய அவமானம் அவசியம். அவமானம் உருவிப்போய்விட்டால் தண்டனை வெறும் நனைதலாகிவிடுகிறது. இந்த நிகழ்ச்சி பள்ளியின் ரகசியச் சட்டத்தை உரக்கச் சொன்னது. சொல்லிவிட்டு அதன் பல்லையும் பிடுங்கியது. 1982இல், சரியாக அந்த இடத்தில், இதை நான் கலகம் என்றே சொல்வேன்.

ஆனால் அந்த இடம் நிலைக்கவில்லை.

7

கூழ் விழுந்த பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பணம் தரப்பட்டதென்று நடித்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். தண்டனைக்கு ஒரு கூலி விகிதம் வந்துவிட்டது. அது ஒரு சிறு தொடக்கம். வாளியைக் கொட்டச் சொன்ன ஜெஃப்ரி டார்பி நிக்கலோடியனுக்குப் போனார். 1986இல் வந்த ‘டபுள் டேர்’ என்ற போட்டி நிகழ்ச்சியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அங்கே பிள்ளைகள் பரிசுக்காகக் கூழிலும் பாகிலும் புரண்டார்கள். 1990இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் நிக்கலோடியன் ஸ்டூடியோ திறக்கப்பட்டபோது வாசலிலேயே பச்சைக் கூழ் பீய்ச்சும் ஊற்று வைத்தார்கள். ஒட்டாவா நிகழ்ச்சியின் தயாரிப்பு நின்றதும் அதே ஆண்டு. 1992இல் மட்டேல் நிறுவனம் நிக்கலோடியன் பெயரில் ‘காக்’ என்ற கொழகொழ விளையாட்டுப் பொருளை விற்றது. அந்த அலைவரிசையின் விருது விழாக்களில் பெரிய நட்சத்திரங்கள் மேல் கூழைக் கொட்டுவது மரியாதை ஆனது. 2021 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமொன்றை அதே அலைவரிசை ஒளிபரப்பியபோது, டச்டவுன் விழும்போதெல்லாம் திரையில் கணினிக் கூழ் பீறிட்டது. அதற்கு ஈரம்கூடக் கிடையாது.

அழுகலிலிருந்து ஜெலட்டினுக்கு, ஜெலட்டினிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு, அங்கிருந்து ஒளிப்புள்ளிகளுக்கு. இந்தப் பயணத்தில் தொலைந்தது நாற்றம் மட்டுமல்ல. ‘தெரியாது’ என்ற சொல்லும் தொலைந்துவிட்டது. நட்சத்திரத்தின் தலையில் ஏன் கொட்டுகிறார்கள் என்று கேட்டால் இன்று யாரிடமும் காரணமில்லை. புகழ் பெற்றதற்காகக் கொட்டுகிறார்கள். குறிப்பான் மட்டும் மிஞ்சி, அதன் குற்றமும் சட்டமும் பள்ளிக்கூடமும் கழன்றுபோய்விட்டன. சந்தை கலகத்தை ஒடுக்கவில்லை. அதன் காரணத்தை மட்டும் கழுவிவிட்டது. ஷாம்பூ கலந்தபோதே அதற்கு வழி செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

சந்தையின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. நிகழ்ச்சிக்குள்ளேயே சிரிப்பு தடம் மாறிய இடங்கள் உண்டு. 1987இல் தத்தெடுப்பைப் பொருளாக வைத்து வந்த ஒரு பகுதி கடும் புகார்களுக்கு ஆளாகி, பிறகு ஒளிபரப்பப்படாமலே நிறுத்தப்பட்டது. அதில் கேலி அப்பாவின் மேல் விழுவதாகத்தான் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். வளர்ப்புப் பிள்ளையை வேலைக்காரனாக நடத்தும் அப்பா. ஆனால் தத்துப் பிள்ளையாக அதைப் பார்க்கிறவளுக்கு, கூழ் தன் தலையில்தான் விழுந்தது என்று தெரியும். எல் கேப்பிட்டானோவிடம் கேட்ட கேள்வியேதான் இங்கும்: எந்தப் பிள்ளை சிரிக்க, எந்தப் பிள்ளை நனைகிறது?

8

இதை ஏன் இந்தப் பத்திரிகையின் பக்கங்களில் எழுத வேண்டும்?

நம் கூட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். கட்டுடைப்பு, தன்னிலை, மற்றமை, களியாட்டம் என்று எத்தனை சொல்லாடல்கள். அதிகாரத்தை அதன் நுண்மையான இடங்களில் பிடிக்கத் தெரிந்தவர்கள் நாம். ஆனால் ஒரு கூட்டத்திலாவது, மேடையில் இருப்பவர், ‘இது எனக்குத் தெரியாதுங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேள்வி கேட்கும் இளைஞருக்கு விடை வராது. மூன்று வெளிநாட்டுப் பெயர்கள் வரும். பெயர்களைக் கேட்டதும் அவர் உட்கார்ந்துவிடுவார். தனக்குத் தெரியாது என்று சொல்ல அவருக்கும் கூச்சம். பள்ளிக்கூடத்தை நாம் விமர்சித்தோம், அதன் முதல் சட்டத்தைத் தலைமேல் சுமந்துகொண்டு வந்து கூட்ட அரங்கில் இறக்கிவைத்தோம். ‘தெரியாது’ என்று சொல்ல முடியாத இயக்கம், தன்னிடம் வருகிற தொழிலாளியிடமிருந்தோ, தலித் பெண்ணிடமிருந்தோ, ஒரு குழந்தையிடமிருந்தோ எதைக் கற்கும்? ஏவல் வினையில் பேசிக்கொண்டே இருக்கும். மிட்டாயைத்தான் கொடுக்கும், ஆனால் அதட்டிக் கொடுக்கும்.

ஊருக்கு உபதேசம் செய்வதாகப் படக்கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் பக்தின் பற்றிப் பேசினேன். ரபெலே பற்றிய நூலைக் குறிப்பிட்டுச் சிரிப்பின் விடுதலை என்றெல்லாம் முழங்கினேன். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, ‘அந்தக் காலத்துத் திருவிழாக்கள்ல பலவீனமானவங்களப் பார்த்தும் சிரிச்சிருப்பாங்களே, பக்தின் அதப் பத்தி என்ன சொல்றார்?’ என்று கேட்டாள். சரியான கேள்வி. இந்தக் கட்டுரையின் பாதி அந்தக் கேள்விதான். நான் பத்து நிமிஷம் பதில் சொன்னேன். ஃபூக்கோ வந்தார், கிராம்சி வந்தார். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் புத்தகத்தை நான் அதுவரை படித்திருக்கவில்லை. பிறகுதான் படித்தேன்.